அக்னி மூலையில் ஒரு செம்புக் குழாய்

எங்கள் துறையின் வாசலில் ஆறு மாதமாக ஒரு பிளெக்ஸ் பேனர் தொங்கியது. அதில் ஒரு ராக்கெட், அதன் பக்கத்தில் துறைத் தலைவரின் முகம். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். "நமது கல்லூரியின் வெப்பக் குழாய் விண்வெளிக்குச் செல்கிறது" என்று கீழே எழுதியிருந்தது. குழாயின் படம் இல்லை. குழாயைச் செய்தவர்களின் படமும் இல்லை. தாளாளரின் படம் இருந்தது. அவர் குழாயைத் தொட்டதுகூடக் கிடையாது.

பொத்தேரியைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரியில் நான் உதவிப் பேராசிரியை. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியபோது என் பாடங்களை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, என்னை இந்தக் குழாயோடு கட்டிப்போட்டார்கள். கல்லூரிகளின் சிறு சோதனைகளுக்கென்று ஒரு செயற்கைக்கோளில் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதில் ஒரு சாப்பாட்டு டப்பா அளவு எங்களுக்குக் கிடைத்திருந்தது.

குழாய் அரை அடி ஸ்கேல் நீளம், கட்டைவிரல் தடிமன். இரு முனையும் மூடியது. உள்ளே காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒரு தேக்கரண்டி தண்ணீர் விட்டிருக்கும். உட்சுவரை ஒட்டி மெல்லிய செம்பு வலை. ஒரு முனையைச் சூடாக்கினால் அங்கே தண்ணீர் ஆவியாகும். ஆவி மறுமுனைக்கு ஓடிக் குளிர்ந்து மறுபடி தண்ணீராகும். அந்தத் தண்ணீர் வலைக்குள் ஊறி ஊறி, சூடான முனைக்குத் திரும்பி வரும். மோட்டார் வேண்டாம், விசிறி வேண்டாம். மேலே காற்றே இல்லாத இடத்தில் விசிறி வைத்து என்ன பயன்? செயற்கைக்கோளின் மின்னணுப் பெட்டிகள் வெந்து போகாமல் இருப்பது இந்த மாதிரிக் குழாய்களால்தான்.

என்னை இதில் இழுத்தது வேறொன்று. எடையற்ற நிலையில் தண்ணீருக்குக் கீழே என்று ஓர் இடம் கிடையாது. ஊற்றினால் விழாது, சாய்த்தால் ஓடாது. சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை நகர்த்துவது அதன் பரப்பு இழுவிசை மட்டும்தான். அந்த இழுவிசையும் சூடுபட்டால் தளர்ந்துவிடும். காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விட்டால் அது நடுவிலிருந்து விலகி ஓரத்துக்கு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சூடான இடத்தில் பிடி தளர்கிறது, குளிர்ந்த இடம் இழுத்துக்கொள்கிறது. குழாய்க்குள்ளும் அதேதான். வலை தண்ணீரைச் சூடான முனைக்கு இழுக்கும். சூடு அதே தண்ணீரைக் குளிர்ந்த முனைக்குத் தள்ளும். தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலத்துக்குள் நடக்கும் இந்த இழுபறியைப் பூமியில் சரியாகப் பார்க்க முடியாது. புவியீர்ப்பு குறுக்கே வந்து எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும்.

அதனால்தான் அனுப்புவதற்கு முன் தரையில் செய்யும் சோதனையில் ஒரு கண்டிப்பு உண்டு. குழாயைத் துல்லியமாக மட்டமாக வைக்க வேண்டும். பிறகு சூடான முனையைக் கொஞ்சம் உயர்த்தியும் வைக்க வேண்டும். அப்போதுதான் வலை தண்ணீரை மேட்டுக்கு இழுக்கிறதா என்று தெரியும். சூடான முனை தாழ்ந்திருந்தால் தண்ணீர் தானாகவே வழிந்து வந்துவிடும். வலையே இல்லாத குழாய்கூட அப்போது பிரமாதமாக வேலை செய்யும்.

எங்கள் குழாய் பிரமாதமாக வேலை செய்தது. பதினோரு சோதனை, பதினொன்றிலும் வெற்றி. ஒவ்வொரு சோதனைத் தாளிலும் "மட்டம்" என்ற கட்டத்தில் "சரி" என்று எழுதி என் சுருக்கொப்பம் இருந்தது. சூடான முனையை உயர்த்திச் செய்யும் சோதனை மட்டும் பாக்கி. "கடைசில பாத்துக்கலாம்மா" என்று துறைத் தலைவர் தள்ளிக்கொண்டே வந்தார். கல்லூரிகளில் கடைசி என்று ஒன்று வருவதே இல்லை. அதற்கு முன் எப்போதும் ஒரு விழா வந்துவிடும்.

அன்று காலை ஏழரைக்குக் கிரெச்சிலிருந்து போன் வந்தது. தண்ணீர் லாரி வரவில்லை, இன்று மூடல். செம்பாக்கத்தில் அவ்வளவு பெரிய ஏரி இருக்கிறது. ஆனால் குழந்தைகளின் கை கழுவ லாரி வர வேண்டும். என் கணவருக்கு ஓ.எம்.ஆரில் ஒரு மீட்டிங். அவருக்கு எப்போதும் ஒரு மீட்டிங் இருக்கும். என் பெண்ணுக்கு ஒன்றரை வயது. லீவு போடலாமா என்று யோசித்தேன். போட்டால் "குழந்தை பெத்தவங்கள ப்ராஜெக்ட்ல போட்டா இப்படித்தான்" என்பார்கள். கூட்டிப்போனாலும் அதையேதான் சொல்வார்கள். கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே துறைத் தலைவர் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, லேபை பால்வாடி ஆக்கிட்டீங்களா?"

"கிரெச் லீவு சார். இன்னிக்கு ஒரு நாள்தான்."

"இருக்கட்டும், இருக்கட்டும். குட்டி சயின்டிஸ்ட். ஆனா அடுத்த வாரம் ரிவ்யூ, ஞாபகம் இருக்கட்டும். டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்ல உங்க கையெழுத்துதான் பாக்கி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரிக்காமல் மிரட்டியது கிடையாது.

புது ஆய்வகம் நீளமான அறை. தெற்குச் சுவர் நெடுக எங்கள் மேசை. அதன் கிழக்குக் கோடியில் சூடேற்றி, மேற்குக் கோடியில் குளிர்விக்கும் தொட்டி. பெண்ணைத் தரையில் விட்டு ஒரு ஸ்பேனரைக் கையில் கொடுத்துவிட்டு அளவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த முறை திரும்பிப் பார்த்தபோது அவள் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்து நனைந்து நின்றாள். யாராவது வருவதற்குள் துடைக்க வேண்டும். துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் அது கோடு கிழித்தது போல மேசைக்கு அடியில் கிழக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நான் துடைக்கத் துடைக்க அது முன்னால் போனது. மண்டியிட்டுப் பின்தொடர்ந்தேன். சூடேற்றியின் காலைத் தாண்டி, கொஞ்சம் வடக்கே வளைந்து, சுவர் ஓரத்தில் போய்த் தேங்கியது.

ஆய்வக உதவியாளர், ஐம்பது வயதுக்காரர், கதவருகே நின்று சிரித்தார்.

"இன்னா மேடம், பாப்பா தண்ணி வுட்டுச்சா? வுடு, நான் மாப் போட்டுக்கிறேன்."

"அண்ணா, இது ஏன் அந்தப் பக்கம் ஓடுது?"

"தண்ணின்னா ஓடத்தானே செய்யும்?"

"இங்கே மட்டம்தானே அண்ணா இருக்கணும்?"

அவர் மாப்பை எடுத்துவரப் போய்விட்டார். நான் ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தேன். போனில் மட்டம் பார்க்கும் ஆப் ஒன்று இருந்தது. மேசைமேல் வைத்துப் பார்த்தேன், சாய்வு காட்டியது. போன் உறை வளைந்திருக்குமோ என்று உறையைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் சாய்வு. போனைத் திருப்பி வைத்தேன். திரும்பிய பக்கமும் அதே சாய்வு.

பக்கத்தில் புது பிளாக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உதவியாளர் அங்கிருந்த கொத்தனாரையே ரசமட்டத்தோடு அழைத்து வந்தார். மஞ்சள் பட்டைக்குள் பச்சை நீர், அதில் ஒரு குமிழி. மேசைமேல் வைத்ததும் குமிழி மேற்குப் பக்கம் ஓடி முட்டிக்கொண்டு நின்றது. அதாவது மேற்கு மேடு, கிழக்குப் பள்ளம்.

"தரையே சாஞ்சிருக்கே அண்ணா" என்றேன்.

கொத்தனாருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சாஞ்சு கீதா? மேடம், இது நாங்க போட்ட தரை. கன்னி மூலை ஒசரம், ஈசானிய மூலை பள்ளம், அளந்து வெச்ச வாட்டம். ஓனரே குடை புடிச்சிக்கினு கூட நின்னு பாத்துப் பாத்து வாங்கினாரு. ஒரு நூலு தப்பு இருக்காது."

"லேபுக்குமா வாஸ்து?"

"லேபுன்னா கட்டடம் இல்லியா?"

உதவியாளர் உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார். "அடுப்பு வெக்கிற எடம் அக்னி மூலை மேடம். அதான் ஹீட்டரை அங்க வெச்சது. ஓனருக்கு வாஸ்து பாக்கற சாமியாரு சொல்லி அனுப்பினாரு."

தென்மேற்கு உயரம், வடகிழக்கு பள்ளம், தென்கிழக்கில் நெருப்பு. எங்கள் மேசை தெற்குச் சுவரோடு கிடந்ததால் சூடான முனை எப்போதும் தாழ்ந்தே இருந்தது. பதினோரு சோதனையிலும் தண்ணீரைச் சூடான முனைக்குக் கொண்டு வந்து சேர்த்தது வலை இல்லை. தாளாளரின் வாஸ்து.

"மேசைக்கு மட்டம் பாக்கலியா அண்ணா?"

"பழைய ரூம்ல பாத்தோம். இங்க மாத்துறப்போ பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பொருள் அத்தினியும் உள்ள வந்தாவணும்னாங்க. யாரு மட்டம் பாக்கறது?"

யார் பார்ப்பது? தாளில் கையெழுத்துப் போட்டவள் பார்த்திருக்க வேண்டும். நான் பழைய அறையின் தாளைப் பார்த்து "சரி" என்று எழுதியிருக்கிறேன். முதல் தடவை நினைவு இருக்கிறது. விடுப்பு முடிந்து இரண்டாவது நாள். மார்பில் பால் கட்டி வலித்துக்கொண்டிருந்தது. எழுதிவிட்டுக் கழிவறைக்கு ஓட வேண்டியிருந்தது. அது ஒரு காரணம்தான். மீதிப் பத்துக்கு அந்தக் காரணம்கூட இல்லை.

மதியம் உதவியாளர் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு கேன்டீன் பக்கம் போனார். நான் மேசையின் கிழக்குக் கால்களுக்கு அடியில் வாஷர்களை அடுக்கிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்தேன். மேலும் இரண்டு வாஷர் சொருகிச் சூடான முனையைச் சற்று உயர்த்தினேன். சூடேற்றியைப் போட்டேன். பழைய சோதனைகளில் திரையில் சூடான முனையின் வெப்பநிலைக் கோடு மேலே ஏறி ஓரிடத்தில் நின்றுவிடும். இப்போது அது நிற்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. சூடான முனை வறண்டுவிட்டது. அணைத்து, ஆறவைத்து, மறுபடி செய்தேன். மூன்றாவது தடவை நான்தான் ஏதோ தப்பாக இணைத்திருக்கிறேன் என்று ஒயர்களைக் கழற்றிப் புதிதாக மாட்டிச் செய்தேன். மூன்று தடவையும் வறண்டது. குழாயை அசைத்துக் காதில் வைத்தால், நடுவில் வலை சுவரை விட்டு விலகி உள்ளே தட்டும் சத்தம் மெலிதாகக் கேட்டது.

துறைத் தலைவரின் அறையில் போய்ச் சொன்னேன். தாளைக் கையில் வைத்திருந்தேன். "மட்டம்" கட்டத்தில் உண்மையான அளவை எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் உங்கள இதெல்லாம் பாக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். தரை சாய்வா இருக்கு. வலை வேலை செய்யல."

"தரை சாய்வுன்னு ரிப்போர்ட்ல எழுதினா கரஸ்பாண்டன்ட் என்னை என்ன செய்வாருன்னு தெரியுமா? அவரு அளந்து போட்ட தரைம்மா."

"அப்போ மேசைய மட்டும் மட்டம் பண்ணி, புதுக் குழாய் செஞ்சு..."

"ஒரு வாரத்துலயா?" அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரலைத் தணித்தார். அதுதான் அவருடைய பாசக் குரல். "இங்க பாருங்க. மேல போயி வேலை செஞ்சா நல்லது. செய்யலன்னா என்ன? மைக்ரோ கிராவிட்டி எஃபெக்ட்னு ஒரு பேப்பர் போட்டுடலாம். மேல என்ன நடந்துச்சுன்னு யாரு போயி பாக்கப் போறா? பழைய தாளையே வெச்சுக் கையெழுத்துப் போடுங்க."

எடையற்ற நிலையைப் பற்றி எத்தனையோ விளக்கம் படித்திருக்கிறேன். அது பொய்யைக் கொண்டுபோய் வைக்கும் பரணாகவும் பயன்படும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு தண்ணீர்ப் படலம் வெற்றிடத்தில் எப்படி நகர்கிறது என்ற கேள்விக்கு, எங்கள் கட்டடத்தின் ஒழுங்கீனத்தைப் பதிலாக எழுதி அச்சடித்துவிடுவோம்; வேறு யாரோ அதை நம்பி வேறொரு குழாய் செய்வார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன். முதுகெலும்பு இல்லாத பதில். அதையும் பணிவாகச் சொன்னேன்.

அன்று மாலை ரயிலில் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரம் வரை அவர்கள் எல்லோரையும் மனதுக்குள் கிழித்துக்கொண்டே வந்தேன். தாளாளர், சாமியார், துறைத் தலைவர். தாம்பரத்தில் இறங்கும்போது என் முறை வந்தது. எங்கள் வீடு வேதக்கார வீடு, கிறிஸ்தவக் குடும்பம். அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள். வாஸ்து, ராகு காலம் எதுவும் எங்களுக்குக் கிடையாது என்று பெருமையாகச் சொல்வோம். ஆனால் செம்பாக்கத்தில் பிளாட் பார்த்தபோது தெற்குப் பார்த்த வாசல் என்றதும் நானே வேண்டாம் என்றேன். "நமக்கு நம்பிக்கை இல்லைதான், நாளைக்கு விக்கிறப்போ கேப்பாங்களே" என்றேன். ஆண்டவர் சிரித்திருப்பார்.

கணவரிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"கையெழுத்துப் போடலன்னா?"

"காண்ட்ராக்ட் ரின்யூவல் அவரு கையிலதான இருக்கு."

"போட்டா?"

"வேலை செய்யாத குழாய் வேலை செய்யுதுன்னு என் பேரோட மேல போகும்."

"உன் கையெழுத்துதான் ஏற்கெனவே பதினோரு தாள்ல இருக்கே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. நினைவூட்டினார். அதுதான் வலித்தது.

ஒரு வாரமும் நான் கையெழுத்துப் போடவில்லை, மறுக்கவும் இல்லை. துறைத் தலைவர் கேட்டால் "சாயங்காலம் தரேன் சார்" என்பேன். சாயங்காலம் அவர் கேட்கும்முன் கிரெச்சுக்குக் கிளம்பிவிடுவேன். இதைத் தைரியம் என்று யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.

ரிவ்யூ வீடியோ அழைப்பில் நடந்தது. எதிர்ப்புறம் விண்வெளி நிறுவனத்திலிருந்து ஒரு பெண்மணி கேமராவை அணைத்துவிட்டுப் பேசினார். துறைத் தலைவர் பேனரில் இருந்த அதே சட்டையைப் போட்டிருந்தார். இருபது நிமிடம் கல்லூரியின் வரலாறு சொன்னார். பிறகு பதினோரு கோடுகளையும் திரையில் காட்டினார்.

அந்தப் பெண்மணி கேட்டார்: "ஹாட் எண்டை உயர்த்தி டெஸ்ட் பண்ணீங்களா?"

"மேடம், எங்க ரிசல்ட்ஸ் எல்லாமே ரொம்ப கன்சிஸ்டென்ட்டா..."

"அது தெரியுது சார். அதான் கேக்கறேன். உயர்த்திப் பண்ணீங்களா, இல்லையா?"

அவர் என் பக்கம் திரும்பினார். அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். இல்லை என்று மட்டும் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஒரு நொடி அதைத்தான் நினைத்தேன்.

"பண்ணினேன் மேடம்" என்றேன். "மூணு தடவை. மூணு தடவையும் வறண்டுடுச்சு. இந்தப் பதினோரு சோதனையிலயும் மேசை சாய்வா இருந்திருக்கு, சூடான முனை தாழ்வா. மட்டம் சரின்னு எழுதினது நான். பாக்காம எழுதிட்டேன்."

எதிர்ப்புறம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"மேசை ஏன் சாஞ்சிருக்கு?"

துறைத் தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் சூடேற்றியே தேவையில்லை. "தரை வாட்டம் மேடம்" என்றேன். அதற்குமேல் சொல்லவில்லை. தாளாளரின் மானத்தை அந்த அளவுக்குக் காப்பாற்றினேன்.

"மூணு வாரம் தரேன். புதுசா செஞ்சு, உயர்த்தி வெச்சு டெஸ்ட் பண்ணி அனுப்புங்க. வரலன்னா வேற காலேஜுக்குக் கொடுத்துடுவோம்."

அழைப்பு முடிந்ததும் துறைத் தலைவர் சட்டென்று எழுந்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் மற்றவர்களிடம் சொன்னார்: "பாத்தீங்களா, நம்ம டீம் தானாவே தப்பைக் கண்டுபிடிச்சு ஒத்துக்கிச்சு. இதுதான் ரிசர்ச் எத்திக்ஸ்." ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார்.

மூன்று வாரமும் நானும் உதவியாளரும் செம்பு வலையோடு மல்லுக்கட்டினோம். முன்பு போட்டிருந்த வலை தடிமனானது. தேநீர் வடிகட்டுவதற்கு வேண்டுமானால் அது ஆகும். மெல்லிய வலையை மூன்று அடுக்காகச் சுருட்டி, கழுவி, சுவரோடு இறுகப் பிடிக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் வைத்து, மறுபடி தண்ணீர் விட்டு மூடினோம். மேசையின் கிழக்குக் கால்களுக்கு நிரந்தரமாக இரும்புத் தகடு வைத்தோம். தரையில் யாரும் கை வைக்கவில்லை. அது இன்றைக்கும் ஈசானியத்தைப் பார்த்துத்தான் சாய்ந்திருக்கிறது.

புதுக் குழாய் மேட்டில் வைத்தும் வறளவில்லை. ஆனால் பழைய தாள்களில் காட்டிய அளவு வெப்பத்தில் பாதியைத்தான் சுமந்தது.

"பாதிதானா?" என்றார் துறைத் தலைவர்.

"பாதிதான் சார்."

"அதை எப்படிம்மா எழுதறது?"

"பாதின்னுதான் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்டபின் வீட்டுக்கு வந்து, பாதிகூட அதிகமாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன். தினமும் பயந்தேன். பெட்டி கிளம்பிப் போனது, பொருத்தினார்கள், மேலே சென்றது. செய்தியில் எங்கள் பெயர் வரவில்லை. எனக்கு அதுவும் பயமாக இருந்தது.

முதல் அளவுகள் ஒரு வியாழக்கிழமை காலை வந்தன. நானும் உதவியாளரும் ஒரு மடிக்கணினி முன்னால். கோடு ஏறியது. நான் எழுதிய அளவு வரை வந்தது, அங்கே நின்றது. நகரவில்லை. வெப்பத்தை இன்னும் கூட்டியபோதுதான் மறுபடி ஏற ஆரம்பித்தது. கீழே என்ற இடமே இல்லாத ஓரிடத்தில், ஒரு தேக்கரண்டி தண்ணீர் வலையைப் பிடித்துக்கொண்டு போய்வந்துகொண்டிருந்தது.

"வேலை செய்யுதா மேடம்?"

"செய்யுது அண்ணா. நாம சொன்ன அளவுக்கு."

"அப்போ இன்னாத்துக்கு அழுவுற?"

துறைத் தலைவர் உள்ளே வந்து கோட்டைப் பார்த்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. தாளாளரை அழைத்து வர அவர் வேகமாக வெளியே போனார். நான் காலையிலிருந்து திறக்காமல் வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்தேன். எலுமிச்சை சாதம் ஆறிப்போய் இறுகியிருந்தது. அவர்கள் திரும்பி வருவதற்குள் முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன்.